ஒரு ஓட்டு, இரண்டு கிலோ பத்திரிகை

நகரத்தில் இருப்பவர்கள் ஒரு கட்சிக்கும் கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொரு கட்சிக்கும் ஓட்டுப் போடுவது ஏன் என்று கேட்டால், நீங்களும் நானும் ஆளுக்கு ஒரு காரணத்தைச் சொல்லி, டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அரசாங்கம் அப்படிப் பொறுப்பில்லாமல் இருக்க முடியுமா? தலைநகரத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி, அதில் லிஃப்ட் வைக்க மட்டும் மறந்து, ‘பிராந்திய வாக்கு மனப்போக்கு ஆய்வு நடுவம்’ என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தது. பலகையின் நீளம் போதாமல் கடைசி எழுத்துகள் பக்கத்துச் சுவருக்குத் திரும்பியிருந்தன.

நடுவம் வெகுகாலம் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தது. படித்தவர்கள் மேசைச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள், படிக்காதவர்கள் நாற்காலிச் சின்னத்துக்குப் போடுகிறார்கள். மேசைக் கட்சிதான் ஆட்சியில் இருந்தது. அதற்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

நடுவத்தின் பெரிய அறையில் ஒரு தேசப்படம் உண்டு. மேசைக்கு ஓட்டுப் போட்ட இடங்கள் நீலம், நாற்காலிக்குப் போட்டவை மஞ்சள். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நிற்க, ஒருவர் படத்தை மூடியிருக்கும் திரையை இழுப்பார். மஞ்சள் தெரிந்ததும் மூத்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இளையவர்கள் உச்சுக்கொட்டக் கூடாது, தலையை மட்டும் அசைக்கலாம். உச்சுக்கொட்டுவதற்குப் பத்து வருட அனுபவம் வேண்டும்.

அந்த மஞ்சளின் நட்டநடுவில் இருந்தது டெய்லரம்மாவின் ஊர்.

டெய்லரம்மாவும் அவள் புருஷன் கட்டிங் மாஸ்டரும் கடைத்தெருவில் ஒற்றை அறையில் தையற்கடை வைத்திருந்தார்கள். அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். இருவருக்கும் ஒரே நம்பர் பார்வைக் குறை. அது என்ன பொருத்தமோ தெரியாது, கண் டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். ஒரே நம்பராக இருக்கும்போது எதற்கு இரண்டு கண்ணாடி என்று ஒன்றையே வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள். அவர் வெட்டி முடித்துக் கழற்றிக் கொடுத்தால் அவள் ஊசியில் நூல் கோர்ப்பாள். அவள் நூல் கோர்த்துக் கழற்றினால் அவர் அடுத்த துணியை விரிப்பார். சண்டை வந்தால் மட்டும் கண்ணாடியை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் கை ஓங்கியிருக்கும்.

தேர்தலன்று ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் தனித்தனி. ஆண்கள் வரிசை முதலில் போகும் என்று கணித்துக் கட்டிங் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் அவளிடம் கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் ஆண்கள் வரிசையில் யாரோ சரியான அட்டை கொண்டுவரவில்லை என்று தகராறு கிளம்பி, பெண்கள் வரிசை விறுவிறுவென்று நகர்ந்துவிட்டது. டெய்லரம்மா ஓட்டு மெஷின் முன்னால் போய் நின்றபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலாக நான்கு கால்கள். நாற்காலிக்கும் நான்கு கால், மேசைக்கும் நான்கு கால். முதலில் தட்டுப்பட்ட நான்கு காலை அழுத்திவிட்டு வந்துவிட்டாள்.

முடிவு வந்தது. அந்த ஊர்ச் சாவடியில் எல்லா ஓட்டும் நாற்காலிக்கு, ஒன்றே ஒன்று மேசைக்கு.

ஊர் கொதித்துப் போயிற்று. ஊரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமாகக் கணக்கு வாத்தியார் இல்லை. விளையாட்டு ஆசிரியர்தான் கணக்கு வகுப்பையும் பார்த்துக்கொண்டார். அவர் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, ஓடிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். பதினான்காம் வாய்ப்பாட்டுக்கு மேல் யாருக்கும் மூச்சு இல்லை. மேசைக் கட்சியிடம் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் ஊர் மொத்தமும் நாற்காலிக்கு மாறியிருந்தது. நாற்காலிக் கட்சி வாத்தியாரைப் போடுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மனநிலையில் ஒருவரும் இல்லை.

“எவன்டா அந்த ஒரு ஓட்டுப் போட்டவன்?” என்று டீக்கடையில் தினமும் விசாரணை நடந்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் கட்டிங் மாஸ்டர். டீக்கடையும் ஒருவகை ஆய்வு நடுவம்தான், பெயர்ப் பலகை கிடையாது, அவ்வளவே. நகரத்துக்காரர்கள் படித்துப் படித்து மூளை காய்ந்துபோய்த்தான் மேசைக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று அங்கே எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். இதற்கு ஆதாரமாக, நகரத்தில் வேலைக்குப் போய்த் தலை வழுக்கையான மூன்று பேரைக் காட்டினார்கள்.

டெய்லரம்மா ஒன்றும் தெரியாதவள்போல மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய கவலையெல்லாம் மகள்தான். மகள் பதினொன்றாம் வகுப்பு. கட்டடம் கட்டும் படிப்புப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா வெட்டி எறியும் துண்டுக் காகிதங்களில் வீடு வரைவாள். அந்தப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு வேண்டும். கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தாய்க்குத் தையல் கோணிப்போயிற்று.

இந்த நேரத்தில்தான் நடுவத்தின் ஜீப் ஒலிபெருக்கியோடு ஊருக்குள் வந்தது. படிப்பறிவில்லாத மஞ்சள் பகுதியில் ஒரே ஒருவர் மட்டும் விழிப்படைந்திருப்பது ஆய்வுலகின் அதிசயம் என்றும், அவர் முன்வந்தால் தலைநகரத்துக்கு அழைத்துச் சென்று அமைச்சர் கையால் கௌரவிப்பதோடு, அவருடைய ஒரு கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்றும் ஒலிபெருக்கி சொன்னது. ஓட்டு ரகசியம் என்பதையும் மதிப்பதாகச் சொல்லி, அதனால் அவர் ரகசியமாகக் கையைத் தூக்கினால் போதும் என்றது.

அன்று சாயங்காலம் டெய்லரம்மா புருஷனிடம் விஷயத்தை உடைத்தாள்.

“அந்த ஓட்டு என்னுதுங்க.”

கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “என்ன சொல்றே?”

“கண்ணாடி உங்ககிட்ட இருந்துச்சு. எனக்கு நாலு கால்தான் தெரிஞ்சுது.”

அவர் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஊர் முழுக்கத் தேடிய குற்றவாளி மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்த விஷயம் அவருக்கு மெதுவாக விளங்கியது.

“அப்போ அந்த ஓட்டுல பாதி என்னுது” என்றார் கடைசியில். “போயிட்டு வா. கூச்சப்படாம கணக்கு வாத்தியாரைக் கேளு. டீக்கடையில நான் பார்த்துக்கறேன்.”

நடுவத்தில் இருந்து அவளை அழைத்துப்போக வந்த இளைஞனுக்கு எதையும் சதவீதத்தில் சொல்லும் பழக்கம். வண்டி எப்போது போய்ச் சேரும் என்று கேட்டால், “எண்பது சதவீதம் மத்தியானத்துக்குள்ள போயிடலாம் அக்கா” என்பான். அதனால் அலுவலகத்தில் அவனைச் சதவீதம் என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய ஊர்ப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று. அவள் அதைக் கவனித்தாலும் பெரிதுபடுத்தவில்லை.

நடுவத்தின் வாசலில் அவளுக்கு மஞ்சள் பட்டை ஒன்றைக் குத்தினார்கள். ஐந்தாவது மாடி ஏறியதும் துணை இயக்குநர் அம்மாள் ஓடிவந்து, இவர் மஞ்சள் பகுதியில் வாழும் நீலம் என்பதால் இரண்டு பட்டையும் குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். நீலப் பட்டை கீழே வாசலில்தான் கிடைக்கும். டெய்லரம்மா இறங்கி மறுபடியும் ஏறினாள்.

இயக்குநர் கைகளைப் பிசைந்துகொண்டு அவளை வரவேற்றார். அவரைச் சுற்றி ஆய்வாளர்கள் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள்.

“உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. எளிமையான கேள்விதான் கேப்போம். புரியலைன்னா இன்னும் எளிமையாக் கேப்போம்” என்றார். “என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டாவதுங்க.”

அறையில் ஒரு வருத்தம் பரவியது. எட்டாவது படித்தவர் நாற்காலிக்கு ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். நடுவத்தின் வரைபடம் அப்படித்தான் சொன்னது.

“வீட்டுல பத்திரிகை உண்டா?” என்று துணை இயக்குநர் குறுக்கிட்டார்.

“உண்டே. பத்திரிகை இல்லாம எங்களுக்கு வேலையே ஓடாது.” சட்டைக்கும் பாவாடைக்கும் அளவு மாதிரி வெட்டுவதற்குப் பழைய பத்திரிகைதான் தையற்கடையில் காகிதம். இது உலகத்துக்கே தெரிந்த சமாச்சாரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

“தினமுமா?”

“தினமும்தான். காலைல கடை திறந்தா ராத்திரி வரைக்கும் பத்திரிகை கையிலதான் இருக்கும்.”

பேனாக்கள் பறந்தன. இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “சராசரியா எவ்வளவு ஆகும்?”

“வாரத்துக்கு ரெண்டு கிலோங்க.”

பேனாக்கள் நின்றன. நடுவத்திலேயே அதிகம் படிப்பவர் என்று பெயரெடுத்த துணை இயக்குநர் தன் வாழ்நாளில் எத்தனை கிலோ படித்திருப்போம் என்று மனத்துக்குள் எடைபோட்டு, முகம் வாடினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதுல எந்தப் பகுதியை அதிகமாப் பயன்படுத்துவீங்க?”

“விளம்பரம் இல்லாத பக்கம்தாங்க. அதுலதான் கோடு போட்டா தெளிவாத் தெரியும்.”

“அடிக்கோடு போட்டுப் படிக்கிறார்” என்று இயக்குநர் தழுதழுத்த குரலில் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

டெய்லரம்மாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. ஆனாலும் கிடைத்த இடைவெளியில், “ஐயா, எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் இல்லை” என்று சொல்லிவைத்தாள். அது அமைச்சரிடம் வைக்கவேண்டிய கோரிக்கை, இங்கே வைத்தால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

மதியம் சதவீதம் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். மேசை முழுக்க எண்கள். அவன் எண்களைக் கூட்டுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மகள் ஞாபகம் வந்தது.

“என்ன தம்பி படிச்சிருக்கீங்க?”

“கணக்குத்தான் அக்கா. வாத்தியார் வேலைக்குத்தான் எடுத்தாங்க. அப்புறம் அயல்பணின்னு இங்க இழுத்துக்கிட்டாங்க. மூணு வருஷமாச்சு.”

“எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்?”

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

“உங்க ஊர்தான் அக்கா” என்றான். “ஒரே ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டேன். சம்பளம் இன்னும் உங்க பள்ளிக்கூடத்துப் பேர்லதான் வருது.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மூன்று வருடம் ஊரே மனு எழுதித் தேய்ந்துகொண்டிருக்க, வாத்தியார் இங்கே ஆடை கட்டிய டீயோடு உட்கார்ந்திருக்கிறார்.

“இங்க உக்காந்து என்ன தம்பி பண்றீங்க?”

“கணக்கு வாத்தியார் இல்லாத ஊர்கள்ல எத்தனை சதவீதம் பேர் நாற்காலிக்கு ஓட்டுப் போடறாங்கன்னு கணக்குப் போடறேன்.”

அவளுக்கு வந்த கோபத்தில் அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவன் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ கேட்டுவிட்டதுபோல இருந்தது. விட்டுவிட்டாள்.

மறுநாள் விழா. மேடையில் மேசைகள் மட்டும் போட்டிருந்தார்கள், நாற்காலி போட்டால் தவறான அர்த்தம் வந்துவிடும் என்று. அமைச்சர் உட்பட எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

இயக்குநர் பேசினார். “நானும் கிராமத்தில் பிறந்தவன்தான். அந்தக் குறையை உழைப்பால் வென்றவன். கிராம மக்களை நாங்கள் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. அவர்களால் முடியாததை அவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது என்கிறோம், அவ்வளவுதான். இதோ இந்தச் சகோதரி வாரம் இரண்டு கிலோ பத்திரிகை வாசித்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்டிருக்கிறார். மஞ்சள் மாவட்டங்கள் அனைத்துக்கும் லாரி லாரியாகப் பத்திரிகை அனுப்ப நடுவம் பரிந்துரைக்கிறது.”

அமைச்சர் இன்னும் மனம்விட்டுப் பேசினார். “கல்வி கொடுத்தால் மக்கள் நமக்கு ஓட்டுப் போடுவார்கள் என்கிறார்கள் அறிஞர்கள். மக்கள் நமக்கு ஓட்டுப் போட்டால் கல்வி கொடுக்கலாம் என்று நினைக்கிறோம் நாங்கள். இரண்டும் ஒன்றுதான். ஓட்டை முதலில் வாங்கிக்கொண்டால் செலவு குறைவு.” கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. “சொல்லுங்கம்மா, உங்க கோரிக்கை என்ன?”

டெய்லரம்மா மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்ற சதவீதத்தைக் கைகாட்டினாள்.

“அந்தத் தம்பி எங்க ஊர் கணக்கு வாத்தியார்ங்க. அவரை எங்களுக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் பரிவோடு மைக்கை வாங்கினார்.

“அது முடியாதும்மா. வாத்தியாரும் வந்துட்டா, உங்களை மாத்தினது பத்திரிகையா வாத்தியாரான்னு நாளைக்கு எங்களுக்கே குழப்பமாயிடும். அதுவும் இல்லாம, அவரை அனுப்பிட்டா உங்க ஊர்ல வாத்தியார் இல்லைங்கறதை யார் கணக்கெடுக்கறது?”

டெய்லரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தப் பத்திரிகைக் கதையை இங்கேயே கிழித்துப் போட்டுவிட்டால் வாத்தியாராவது மிஞ்சுவார் என்று தோன்றியது.

“நான் பத்திரிகை படிக்கலைங்க. வெட்டறோம். மாதிரி வெட்டறதுக்கு. ஓட்டும் தெரிஞ்சு போடலை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி. அன்னிக்கு அது அவர்கிட்ட இருந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியலை. மேசைன்னு தெரியாம அழுத்திட்டேன்.”

 அமைச்சரின் புன்னகை முகத்திலேயே நின்றுபோய் வேறு ஏதோவாக மாறியது. ஆனால் இயக்குநர் அந்தப் பதவிக்குச் சும்மா வந்தவர் அல்ல.

“கேட்டீர்களா?” என்றார் மெல்லிய குரலில். “பார்வையே இல்லாத நிலையிலும் கை சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. பத்திரிகையைத் தொட்ட மாத்திரத்திலேயே இவ்வளவு விழிப்பு என்றால், படித்தால் என்னவாகும்? அதை ஒத்துக்கொள்ளும் அடக்கத்தைப் பாருங்கள். அடக்கம் படித்தவர்களின் குணம் என்பது நமது நான்காவது அறிக்கை.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அமைச்சருக்குக் கோரிக்கை எதுவென்று பளிச்சென்று விளங்கிவிட்டது. “அம்மாவுக்கு ஒரு கண்ணாடி” என்று உத்தரவிட்டார். ஒரு மணி நேரத்தில் சரியான நம்பரில் கண்ணாடி வந்தது. மேடையிலேயே அமைச்சர் அதை அவள் மூக்கில் மாட்டி, புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் அழுதாள். நன்றிக் கண்ணீர் என்று மறுநாள் பத்திரிகையில் போட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கட்டிங் மாஸ்டர் ஒரு கால்சட்டைக்கு மாதிரி வெட்டினார்.

ஊர் அவளைத் திட்டவில்லை. கண்ணாடிக் கதை கேட்டு டீக்கடை வயிறு வலிக்கச் சிரித்தது. ‘மேசையக்கா’ என்று ஒரு பெயரும் வைத்தது. லாரியில் பத்திரிகை வந்து இறங்கியது. அலமாரிக்கு விரித்ததுபோக, ஜன்னலுக்கு ஒட்டியதுபோக மிச்சமெல்லாம் தையற்கடைக்கே வந்துசேர்ந்தது. வாத்தியார் மட்டும் வரவில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். புத்தகத்தைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். வரைவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் தாய்க்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

பள்ளி திறந்த கையோடு உள்ளூர் மன்றத் தேர்தல் வந்தது. புருஷனும் மனைவியும் ஆளுக்கொரு கண்ணாடியோடு ஆளுக்கொரு வரிசையில் நின்றார்கள். இந்த முறை அவசரமே இல்லை. டெய்லரம்மா கால்களை எண்ணியதோடு நிற்காமல், முதுகு சாயும் பலகையையும் நன்றாகப் பார்த்து அழுத்தினாள்.

மேசைக்கு அந்தச் சாவடியில் பூஜ்யம்.

நடுவம் அதிர்ந்தது. இயக்குநரே மூன்று ஜீப்புகளோடு நேரில் வந்தார். தையற்கடையில் மொத்தப் பேரும் நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் தெருவில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சதவீதமும் தெருவில்தான் நின்றான்.

“என்னம்மா ஆச்சு?” என்று இயக்குநர் கேட்டார். அவர் குரலில் நிஜமான துக்கம் இருந்தது. “பத்திரிகை வரலையா?”

“வருதுங்க. கட்டுக்கட்டா வருது.”

“நாங்க கொடுத்த கண்ணாடி?”

“இதோ, போட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“பின்ன எங்கே போச்சு அந்த ஓட்டு? என்ன மாறிச்சு?”

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. மூன்றே வார்த்தை, ‘இப்போ கண்ணு தெரியுது.’ சொல்லியிருந்தால் அப்போதே ஜீப்புகள் திரும்பிப் போயிருக்கும். கண்ணாடியைப் பறித்துக்கொள்ளும்படி பத்தாவது அறிக்கை ஒன்றும் வந்திருக்கும். சொல்வதற்கு வாயைத் திறந்தவள், மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பிறகு தெருவில் நின்ற சதவீதத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே கண்ணாடியில் பார்த்தவர், அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

“சொல்லத் தெரியலைங்களே” என்றாள் டெய்லரம்மா.

“எங்களுக்கே புரியலைங்க” என்றார் கட்டிங் மாஸ்டர். “ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்லுவான். வந்து நின்னு கேட்டாப் பிடிபடாது. யாராவது இங்கேயே தங்கிப் பார்த்தாத்தான் உண்டு.”

“பள்ளிக்கூடத்துல உக்காந்து பார்த்தா நல்லாத் தெரியும்” என்று அவள் சேர்த்துக்கொண்டாள். “எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் அங்கதானே வருது.”

இயக்குநருக்கு அது ஆழமான யோசனையாகப் பட்டது. அவரே யோசித்ததுபோலவும் பட்டது. கிராமத்தின் மனம் எளிதில் திறப்பதில்லை என்று தெருவில் நின்றவர்களுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி, சதவீதத்தை அந்த ஊரின் தங்கு ஆய்வாளராக நியமித்துவிட்டுப் போனார். ஆய்வு முடியும்வரை அவன் பள்ளிக்கூடத்தை விட்டு நகரக் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு வந்தது. சும்மா உட்கார்ந்து ஆராய்ந்தால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்பதால், அவன் கணக்கு நடத்திக்கொண்டே ஆராய்ந்தான்.

மாதா மாதம் அவன் நடுவத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ‘காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆய்வு தொடர வேண்டும்.’ நடுவம் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த முடிவுரையும் அதுதான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

டெய்லரம்மாவின் மகள் இப்போது சாயங்காலம் கடையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். போட்டு முடித்த காகிதத்தின் ஓரத்தில் மறுபடியும் வீடு வரைகிறாள். அதைப் பார்த்த அன்று அவள் அம்மா ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்துவிட்டாள்.

ஒரு நாள் கிழிந்த பையைத் தைக்கக் கொண்டுவந்த சதவீதம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அக்கா, நிஜமாவே எனக்குத் தெரியணும். அந்த ஒரு ஓட்டு ஏன் போச்சு?”

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“பொண்ணு பன்னெண்டாவது முடிக்கட்டும் தம்பி, சொல்றேன்” என்றாள். பிறகு நூல் கோர்த்துக்கொண்டே யோசித்தாள். “அப்புறம் கொழுந்தனார் பையன் வேற ஒன்பதாவதுல இருக்கான். அவனும் முடிச்சிரட்டும்.”